பெயர்ப்பலகைத் தொழிலுக்கு எந்த மென்பொருளை வாங்குவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரேடியம் ஸ்டிக்கர், கடைப் பெயர்ப்பலகை வேலை தொடங்கவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 2 அடி அகலமுள்ள சீனத் தயாரிப்பு கட்டிங் பிளாட்டர் (வினைல் என்ற பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாளைக் கத்தியால் வெட்டும் இயந்திரம்) ஒன்றை வாங்கிவிட்டார். அதோடு ஒரு சிடியும் வந்திருக்கிறது. வடிவமைப்புக்குக் கோரல்டிரா போதும் என்கிறார் பக்கத்து அச்சகக்காரர். கல்லூரியில் இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு வடிவமைப்பு மென்பொருளைக் கற்ற தங்கை அதுவே வேண்டும் என்கிறார். எல்லாம் ஒன்றிலேயே முடியும், ஃப்ளெக்ஸி வாங்குங்கள் என்கிறார் இயந்திரம் விற்றவர். ஓராண்டுக்குள் லேசர் இயந்திரமும் போடும் எண்ணம் இருக்கிறதாம். எதை வாங்குவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பு ஒரு வேலை, வெட்டுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே மென்பொருளைத் தேடாதீர்கள். பணம் போடுவதாக இருந்தால் வடிவமைப்புக்குப் போடுங்கள். வெட்டுவதற்கு இயந்திரத்தோடு வந்ததையே முதலில் ஓட்டிப் பாருங்கள். தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் கடைக்குள் விடாதீர்கள். நீங்கள் கடலூரில் தொழில் செய்யப்போகிறீர்கள். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆங்கிலப் பலகை மட்டும் செய்து பிழைக்க முடியாது, பிழைக்கவும் வேண்டாம்.

ஏன் இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன் என்பதற்கு, இயந்திரத்துக்குள் போவது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டும் இயந்திரத்துக்கு எழுத்தும் தெரியாது, எழுத்துருவும் தெரியாது, நிறமும் தெரியாது. கணினியிலிருந்து அதற்குப் போவது பெரும்பாலும் எச்பிஜிஎல் என்ற கட்டளைத் தொகுப்பு. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் தன் பேனா பிளாட்டர்களுக்காக உருவாக்கியது அது. பேனா இருந்த இடத்தில் இன்று கத்தி இருக்கிறது. கத்தியைத் தூக்கு, இந்தப் புள்ளிக்குப் போ, இறக்கு, அந்தப் புள்ளிவரை இழு என்ற கட்டளைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகப் போகும். அதில் ஓர் அலகு என்பது 0.025 மில்லிமீட்டர். ‘ழ’வின் வளைவுகூடச் சிறுசிறு நேர்கோடுகளாக உடைக்கப்பட்டுத்தான் இயந்திரத்தை அடைகிறது.

வளைவை எவ்வளவு நுணுக்கமாக உடைப்பது, எந்தத் துண்டை முதலில் வெட்டுவது, கத்தி முனையின் விலகலை எப்படிச் சரிக்கட்டுவது ஆகியவை வெட்டும் மென்பொருளின் பொறுப்பு. எழுத்துகளைச் சரியாகக் கோத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கோடுகளை இணைத்து, சுத்தமான வெளிக்கோடாகக் கொடுப்பது வடிவமைப்பு மென்பொருளின் பொறுப்பு. இந்த இரண்டாவது வேலையில்தான் நம் ஊர்க் கடைகளில் பொருளும் நேரமும் அதிகம் வீணாகின்றன. ஆகவே அதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்த மென்பொருளை யார் காட்டினாலும், அதில் இந்த வரியை யூனிகோடில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) தட்டச்சு செய்து பாருங்கள்: ‘ஸ்ரீ கௌமாரி பொரிகடலை நிலையம்’. சோதனைக்காக நான் வைத்திருக்கும் பெயர் இது. ‘கௌ’விலும் ‘பொ’விலும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். தமிழ் தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளியிட்ட வட்டம் ஒன்று தலைகாட்டும். ‘லை’யில் இணைக்கொம்பு சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஸ்ரீ’ ஒரே வடிவமாகச் சேர வேண்டும். ‘ஸ்ரீ’யில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதை ‘ஸ’ கொண்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’ கொண்டும் எழுதலாம். சில எழுத்துருக்கள் ஒரு வகையை மட்டுமே சேர்த்துக் காட்டும். வாடிக்கையாளர் கைப்பேசியிலிருந்து அனுப்பும் பெயரில் எது இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. இரண்டையும் சோதித்து வையுங்கள்.

இந்தச் சோதனையில் இங்க்ஸ்கேப் என்ற இலவச வடிவமைப்பு மென்பொருள் எந்த அமைப்பும் மாற்றாமலே தேறும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு வசதியை விருப்பத்தேர்வுகளில் இயக்கி, பத்திக்கும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தெரியாமல், இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் வராது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோரல்டிராவில் 2012-இல் வந்த எக்ஸ்6 பதிப்பு முதல்தான் இப்படிப்பட்ட எழுத்துமுறைகளுக்கு ஆதரவு வந்தது. நம் ஊர்களில் கோரல் 11, 12, எக்ஸ்3 எல்லாம் இன்னமும் ஓடுகின்றன. அவற்றில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களைக் கொண்டே தமிழ் எழுதுகிறார்கள். அந்த வடிவங்களில் பல அழகானவை, தடிமனானவை, பலகைக்கு ஏற்றவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பெயர் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகக் கொட்டும். பழைய குறியீட்டில் எழுதியவற்றை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை நிறுவிக்கொள்ளுங்கள்.

எழுத்துருவுக்குத் தடுமாற வேண்டியதில்லை. கூகுள் எழுத்துருத் தளத்தில் முக்த மலர், கேட்டமரன், பாலூ தம்பி, அனெக் தமிழ், கவிவனார், காயினி, மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய யாவும் வணிக வேலைக்கும் தடையற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. தூரத்திலிருந்து படிக்க வேண்டிய கடைப்பலகைக்குப் பாலூ தம்பியும் அனெக் தமிழின் தடித்த வகைகளும் நன்றாக உட்காரும். மெல்லிய வகைகளை வினைலில் வெட்ட ஆசைப்படாதீர்கள். ஒட்டும்போதே கோடு நீண்டு நெளிந்துவிடும்.

அடுத்தது வெல்டு, அதாவது ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வடிவங்களை ஒரே வடிவமாக இணைப்பது. திரையில் ஒழுங்காகத் தெரியும் ‘ரி’யை, வெளிக்கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃபிரேம் காட்சியில் பாருங்கள். கோரல்டிராவில் அது காட்சிப் பட்டியலில் இருக்கிறது, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் + ஒய். பல எழுத்துருக்களில் ‘ர’ தனி வடிவம், மேல்விலங்கு தனி வடிவம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் இரண்டும் ஒரே கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. கத்தி மட்டும் இரண்டு வெளிக்கோடுகளையும் நேர்மையாக வெட்டிவிடும். எழுத்தைச் சுற்றியுள்ள கழிவு வினைலை உரிக்கும்போது அந்தச் சந்திப்பில் நெல்மணி அளவுக்கு ஒரு துண்டு தனியாகக் கழன்று நிற்கும். அதை அப்படியே வண்டியின் மட்கார்டில் ஒட்டிக் கொடுத்தால், முதல் மழையில் நீர் அந்தக் கீறலில் இறங்கி அங்கிருந்தே ஸ்டிக்கர் தூக்கத் தொடங்கும். வாடிக்கையாளர் வினைலைத்தான் குறை சொல்வார். தவறு வினைலில் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது.

ஆகவே எழுத்தைக் கோடாக மாற்றிய பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இணைத்துவிடுங்கள். மாற்றுவதற்குக் கோரலில் கண்ட்ரோல் + கியூ, இணைப்பதற்கு வெல்டு. இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் யுனைட். இங்க்ஸ்கேப்பில் பாத் பட்டியலின் யூனியன். இணைத்தபின் மீண்டும் வயர்ஃபிரேமுக்குப் போய், ‘ற’, ‘ஞ’, ‘ஐ’ ஆகியவற்றின் உட்குழிகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மென்பொருளை ஒப்பிடும்போது இந்த மூன்று செயல்களும் எவ்வளவு விரைவாகக் கைக்கு வருகின்றன என்பதைப் பாருங்கள். அன்றாடம் பல முறை செய்யப்போவது இதைத்தான். நூற்றுக்கணக்கான நிழல் விளைவுகளும் நிறக்கலவைகளும் பிளாட்டருக்குப் பயன்படாது.

மெய்யெழுத்துப் புள்ளியையும் கவனியுங்கள். கடைப்பலகையில் அது பெரிதாக இருக்கும், பிரச்சினை இல்லை. ஜாடிக்கும் ஸ்கூட்டருக்கும் ஒட்டும் சின்ன ஸ்டிக்கரில் புள்ளி 2 அல்லது 3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். உரிக்கும்போது கழிவோடு சேர்ந்து போய்விடும். புள்ளி போனால் பொருளே மாறிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன எழுத்து வேலைகளில் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்துச் சற்றுப் பெரிதாக்குவது என் வழக்கம். வெட்டும் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர் வைக்கும் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் செய்யும்போது இதே கவனம் வேறு வடிவில் வேண்டும். வெள்ளை நகரத்தின் நீலத் தெருப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சில் எழுத்தின் தலையில் சாய்கோடும் கூரையும், அடியில் வாலும் வரும். அலங்கார எழுத்துருக்கள் பலவற்றில் இந்தக் குறிகளே இருக்காது. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் வாடிக்கையாளரின் முழுப் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

சரி, இங்க்ஸ்கேப், கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் மூன்றில் எது? இங்க்ஸ்கேப் முழுக்க இலவசம். வெறும் ரேடியம் வேலைக்கு அது தாராளமாகப் போதும். தமிழில் குறையில்லை, இணைப்புக் கருவிகளில் குறையில்லை. பலவீனம் இரண்டு இடங்களில். அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறங்களைக் கையாள்வதில் அது தடுமாறும். பிறர் அனுப்பும் கோரல் கோப்புகளைத் திறந்தால் சில நேரம் சிதைந்து வரும். இந்த இரண்டாவது காரணம் நம் பகுதியில் பெரியது. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஃப்ளெக்ஸ் அச்சிடும் இடங்கள், கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள், கட்சிப் பேனர் வடிவமைப்பவர்கள் எல்லாரும் பேசும் பொது மொழி கோரல் கோப்புதான். வேலை வாங்கவும் கொடுக்கவும் அது வேண்டியிருக்கும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய கோரல் திறக்காது. வெளியே அனுப்பும்போது பழைய பதிப்பாகச் சேமித்து, எழுத்துகளைக் கோடாக மாற்றி அனுப்புங்கள்.

இல்லஸ்ட்ரேட்டர் தரத்தில் யாருக்கும் குறைந்ததில்லை. லோகோ வரைவதற்கு எனக்கு அதைவிடப் பிடித்தது இல்லை. ஆனால் அது சந்தாவில் மட்டுமே கிடைக்கும். கட்டணம் நின்றால் மென்பொருளும் நின்றுவிடும். கோரல்டிராவைச் சந்தாவாகவும் வாங்கலாம், ஒருமுறை பணம் கட்டியும் வாங்கலாம். தொடங்கும் தொழிலுக்கு மாதாமாதம் ஓடும் செலவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உங்கள் நிலையில் நான் இருந்தால், முதல் சில மாதங்கள் இங்க்ஸ்கேப்பில் ஓட்டுவேன். ஃப்ளெக்ஸ், பலகை வேலைகள் சேரத் தொடங்கியதும் கோரல்டிராவை ஒருமுறை கட்டணத்தில் வாங்குவேன். தங்கை வடிவமைப்பு வேலையை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஏற்கெனவே கை பழகிய ஒருவரின் வேகம் சந்தாத் தொகையைவிட மதிப்புள்ளது. அப்போது இல்லஸ்ட்ரேட்டரே சரி. அவர் வரைந்ததைப் பிடிஎஃப் அல்லது எஸ்விஜி (கோட்டு வடிவங்களைச் சேமிக்கும் பொதுக் கோப்பு வகை) ஆக வெட்டும் மென்பொருளுக்கு அனுப்பிக்கொள்ளலாம். கோரல்டிராவுக்கு 15 நாள், இல்லஸ்ட்ரேட்டருக்கு 7 நாள் இலவசச் சோதனை உண்டு. பொரிகடலை வரியை வைத்து இருவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திருட்டுப் பிரதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யாராவது ஒருவர் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்று நிச்சயம் வருவார். வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்தை விட்டாலும், பூட்டு உடைத்த மென்பொருளோடு வரும் வைரஸ் உங்கள் வாடிக்கையாளர்களின் கோப்புகளை ஒரே இரவில் அழித்துவிடக்கூடும். நல்ல இலவச மென்பொருள் கண்முன்னே இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

இனி வெட்டும் மென்பொருள். உங்களுக்கு வந்த சிடியில் இருப்பது ஆர்ட்கட் 2009 ஆக இருந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். அது பழைய 32 பிட் விண்டோஸ் காலத்துக்காரர், சிடி உள்ளே இருந்தால்தான் திறக்கும் ரகம். சைன்மாஸ்டரின் அடிப்படைப் பதிப்பு வந்திருந்தால் அதிர்ஷ்டம். அதிலேயே நெடுநாள் ஓட்டலாம். தேவை வந்தால் அதே மென்பொருளின் மேல் பதிப்புக்குப் போகலாம். ஷ்யூர் கட்ஸ் எ லாட், சைன்கட் ப்ரோ ஆகியவையும் சிறு கடைக்கு ஏற்றவையே. ரோலண்டு இயந்திரம் வாங்கியவர்களுக்குக் கட்ஸ்டுடியோவும், கிராஃப்டெக் வாங்கியவர்களுக்கு கிராஃப்டெக் ஸ்டுடியோவும் கட்டிங் மாஸ்டரும் இயந்திரத்தோடே வரும். கட்டிங் மாஸ்டர், கோரலுக்குள்ளேயும் இல்லஸ்ட்ரேட்டருக்குள்ளேயும் நின்று வேலை செய்யும். சில்ஹவுட் இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் ஸ்டுடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பு எஸ்விஜி கோப்பைத் திறக்காது. டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு கோட்டுக் கோப்பு வகையாக மாற்றிக் கொடுக்க வேண்டும், அல்லது பணம் கட்டி டிசைனர் பதிப்புக்குப் போக வேண்டும்.

ஃப்ளெக்ஸியைப் பற்றி விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. வடிவமைப்பு, அச்சு, வெட்டு மூன்றும் அதில் ஒன்றாக இருக்கின்றன. தொழிலுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் அது. அச்சு இயந்திரமும் கட்டரும் அருகருகே நின்று நாள் முழுவதும் ஓடும் கடைக்கு அது பொருத்தம். 2 அடி பிளாட்டர் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் உங்களுக்கு அதன் முக்கால்வாசி வசதிகள் சும்மா கிடக்கும். சொந்த அச்சு இயந்திரம் வரும்போது யோசிக்கலாம்.

வெட்டும் மென்பொருளில் நான் பார்ப்பவை இவை. பெரிய எழுத்தைப் பட்டைகளாகப் பிரித்து, ஒட்டும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கு இடம் விட்டு வெட்டத் தெரிய வேண்டும். 2 அடி இயந்திரத்தில் 3 அடி உயர எழுத்து செய்ய வேறு வழியில்லை. நிறவாரியாகப் பிரித்து வெட்டத் தெரிய வேண்டும். ஓர் எழுத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சுருள் முன்னும் பின்னும் ஓடி ஓடி வளைந்துவிடும். உரிக்க வசதியாகச் சுற்றிலும் ஒரு கட்டம் போட்டுத் தர வேண்டும். பஸ்ஸின் பின்கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒட்டுவதற்கு ஒரே சொடுக்கில் திருப்பித் தர வேண்டும். தொடங்கிய இடத்தைச் சற்றுத் தாண்டிப் போய் வெட்டும் வசதியும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தின் தொடக்கப் புள்ளியிலும் ஒரு நூலிழை ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது எழுத்தையே இழுத்துக்கொண்டு வரும்.

கத்தி முனை, கத்திப் பிடியின் நடு அச்சுக்குச் சற்றுப் பின்னால் இழுபடுகிறது. இந்த விலகல் வழக்கமான கத்திகளில் 0.25 மில்லிமீட்டர். மென்பொருளிலும் சொல்லலாம், சில இயந்திரங்களின் பலகத்திலும் சொல்லலாம். இரண்டில் ஓரிடத்தில் மட்டும் சொல்லுங்கள். இரண்டிலும் சொன்னால் மூலைகளில் சின்னக் கொம்பு முளைத்ததுபோல வெட்டும். இரண்டிலும் சொல்லாவிட்டால் மூலைகள் மழுங்கிப்போகும். ‘ட’வின் மூலையைப் பார்த்தாலே எது நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சாதாரண வினைலுக்கு 45 பாகைக் கத்தி, தடித்த ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்கு 60 பாகை. கத்தி மாற்றும்போதெல்லாம் ஒரு சிறு சதுரம் வெட்டிப் பாருங்கள்.

மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள் என்பதும் ஒரு முக்கியமான அறிவுரை. குறைந்த விலை பிளாட்டர்களில் பல, யுஎஸ்பியில் செருகினாலும் உள்ளே பழைய சீரியல் போர்ட்டாகவே பேசுகின்றன. அதற்கு சிஎச் 340 அல்லது எஃப்டிடிஐ டிரைவர் வேண்டும். விண்டோஸ் அந்த இணைப்புக்குக் காம் எண் என்ற அடையாள எண் ஒன்றைக் கொடுக்கும். வெட்டும் மென்பொருளிலும் அதே எண்ணையும், இயந்திரத்தில் உள்ள அதே பாட் வேகத்தையும் (தகவல் அனுப்பும் வேகம்) கொடுக்க வேண்டும். பெரும்பாலும் 9600 அல்லது 38400. கேபிளை வேறு துளையில் மாற்றிச் செருகினால் காம் எண் மாறிவிடலாம். ‘நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை’ என்ற புகார்களில் பாதி இதுதான். பாதி வேலையில் இயந்திரம் கண்டபடி கோடு இழுத்தால், நீளமான மலிவு கேபிளை மாற்றிப் பாருங்கள், மின் இணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். கடலோர ஊரில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும்.

வாடிக்கையாளர் கொண்டுவரும் லோகோ இன்னொரு தலைவலி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார்கள். அது சுருக்கப்பட்டு ஓரமெல்லாம் கலங்கி வரும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அசல் பிடிஎஃப் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கோரலில் பவர்ட்ரேஸ், இல்லஸ்ட்ரேட்டரில் இமேஜ் ட்ரேஸ், இங்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் பிட்மேப் என்று மூன்றிலும் படத்தைக் கோடாக்கும் கருவி உண்டு. கலங்கிய படத்தை அதில் போட்டால் ஒரு வட்டத்துக்கு 4 நோடு (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளி) இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் நோடுகள் வந்து நிற்கும். கத்தி ஒவ்வொரு நோடிலும் தயங்கித் தயங்கிப் போகும், ஓரம் ரம்பப் பல்லாகும். எளிய லோகோ என்றால் மேலே வைத்துக் கையால் திரும்ப வரைந்துவிடுவதே விரைவு. எந்த மென்பொருளில் உங்கள் கை வளைவை எளிதாக வரைகிறதோ, அந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பில்லை.

அச்சிட்டு ஓரம் வெட்டும் ஸ்டிக்கருக்கு இப்போது நல்ல தேவை இருக்கிறது. புதுச்சேரியிலும் ஆரோவில் சுற்றுவட்டாரத்திலும் சோப்பு, ஊதுபத்தி, ஜாம் என்று சிறு தயாரிப்பாளர்கள் பலர் லேபிள் கேட்கிறார்கள். இதற்கு அச்சுத்தாளில் பதிவுக் குறிகள் இருக்க வேண்டும், இயந்திரம் அவற்றைக் கண்டுபிடித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உங்கள் இயந்திரத்தில் தானாகப் படிக்கும் கண் இருக்கிறதா, வெறும் சிவப்பு லேசர் புள்ளிதானா என்று பாருங்கள். புள்ளி மட்டும் என்றால் ஒவ்வொரு குறியாக நீங்களே நகர்த்திக் காட்ட வேண்டும், மென்பொருளும் அதை ஆதரிக்க வேண்டும். ரோலண்டின் அச்சு வெட்டு இயந்திரத்தில் வெளியே வேலை கொடுப்பதாக இருந்தால், வெட்டுக்கோட்டுக்கு ‘கட்கான்டூர்’ (CutContour) என்ற ஸ்பாட் நிறத்தை, அதாவது தனிப்பெயர் கொண்ட நிறத்தை, ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் பெயரிட்டுக் கொடுங்கள். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ரோலண்டின் வெர்சாவொர்க்ஸ் மென்பொருள் அது வெட்டுக்கோடு என்று புரிந்துகொள்ளும்.

வண்டி நம்பர் பிளேட் எழுதுவதை வருமானக் கணக்கில் சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயம். மீன்பிடிப் படகுகளின் பெயரும் எண்ணும், சிப்காட் ஆலைகளின் எச்சரிக்கைப் பலகைகளும் உங்கள் ஊரில் நிலையான வேலைகள். ஆலை வேலைக்கு, பாதுகாப்பு நிறங்களுக்கும் குறிகளுக்குமான இந்தியத் தரமான ஐஎஸ் 9457-இன் நிறங்களையும் வடிவங்களையும் ஒருமுறை வரைந்து நூலகமாகச் சேமித்து வையுங்கள். திரும்பத் திரும்பப் பயன்படும்.

லேசர் வரும்போது அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். ருய்டா நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகை உள்ள சிஓ2 லேசர் என்றால் ஆர்டிவொர்க்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே வரும். லைட்பர்ன் என்ற கட்டண மென்பொருள் அதைவிடப் பலமடங்கு வசதி. உரிமம் ஒருமுறை கட்டணம், புதுப்பிப்புகளுக்கு மட்டும் காலக்கெடு. எனவே இயந்திரம் வாங்கும்போதே கட்டுப்பாட்டுப் பலகையின் பெயரைக் கேட்டு, லைட்பர்ன் அதை ஆதரிக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கோரலிலோ இங்க்ஸ்கேப்பிலோ வரைந்ததை எஸ்விஜி ஆகவோ டிஎக்ஸ்எஃப் ஆகவோ அதில் கொண்டுவரலாம். அக்ரிலிக், எம்டிஎஃப் மட்டுமே லேசரில் வெட்டுங்கள். ரேடியம் வினைலும் சன்போர்டும் பிவிசி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி நுரையீரலையும் இயந்திரத்தின் கண்ணாடிகளையும் சேர்த்தே அரிக்கும். சன்போர்டுக்கும் ஏசிபி (அலுமினியக் கூட்டுப் பலகை) ஷீட்டுக்கும், சுழலும் வெட்டுமுனை கொண்ட ரவுட்டர் இயந்திரம்தான் வழி. அதற்கு வெக்ட்ரிக் நிறுவனத்தின் விகார்வ், ஆஸ்பயர் ஆகியவை நல்லவை. ரவுட்டருக்கான இன்னொரு மென்பொருளான ஆர்ட்கேம் இருக்கிறது, தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதை ஆட்டோடெஸ்க் 2018-லேயே நிறுத்திவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

வேலைகளை எப்படிச் சேமிப்பது என்பதையும் முதல் நாளே பழக்கமாக்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோப்புறை. அதில் எழுத்து மாற்றக்கூடிய அசல் கோப்பு ஒன்று, கோடாக மாற்றி இணைத்த பிடிஎஃப் ஒன்று, வெட்டிய அளவும் வினைல் நிறமும் எழுதிய குறிப்பு ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பெயர்ப்பலகைகள் கொத்துக்கொத்தாகப் பறந்தன. அதே பலகையைத் திரும்பச் செய்து தர வேண்டும் என்றால் கோப்பு கையில் இருக்க வேண்டும். கணினியில் ஒரு பிரதி, வீட்டில் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, இணையச் சேமிப்பில் ஒரு பிரதி என்று வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரம் போய்ப் போய் வரும். கணினிக்கும் பிளாட்டருக்கும் சேர்த்தே யுபிஎஸ் போடுங்கள். பாதியில் நின்ற வெட்டை அதே இடத்திலிருந்து தொடர எல்லா மென்பொருளாலும் முடியாது.

இயந்திரத்தின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணையும், சிடியின் மேல் அச்சிட்டிருக்கும் மென்பொருளின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். எந்த டிரைவர் வேண்டும், அந்த மென்பொருள் உங்கள் விண்டோஸில் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை விற்பனையாளருக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.